காற்றுக்கு ஓடிய மீட்டர்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் நாயைவிட மோசமான மாமனார் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆபீசில் அவருக்கு ‘ரீடிங்’ என்றே பெயர். இவ்வளவு தண்ணீரை நாங்கள் எங்கே செலவழித்தோம் என்று யாராவது சண்டைக்கு வந்தால் ரீடிங் கோபப்பட மாட்டார். “மீட்டர் பொய் சொல்லாதுங்க” என்பார், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டுத்தான் எதிராளிக்கு வயிறு எரியும்.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்குத் தைராய்டு என்றால் என்ன ஆகும்? மனைவியைவிட ரிப்போர்ட்டை அதிகமாகப் பார்ப்பார். அதுதான் நடந்தது.

தைராய்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு பாதித் தெருவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் படிக்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். டி.எஸ்.ஹெச். என்ற எண்ணைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. “அது தைராய்டு இல்லீங்க. மூளை தைராய்டைப் பார்த்துப் போடுற சத்தம். தைராய்டு பத்தலைன்னா மூளை கத்தும், நம்பர் ஏறும். தேவைக்கு மேல இருந்தா மூளை கம்முனு ஆயிடும், நம்பர் இறங்கிடும். ஏறுனா கம்மி, இறங்குனா ஜாஸ்தி. எல்லாம் தலைகீழ்.” சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு கிடையாது. எத்தனையோ பேர் அந்த எண் ஏறினால் தைராய்டும் ஏறிவிட்டது என்று பயந்துபோவார்கள். இவர் அப்படிக் குழம்பியதே இல்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் அந்த எண் திடீரென்று தரை தட்டியது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு. ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோனை நேராகக் காட்டும் இன்னொரு எண் எல்லையைத் தாண்டி உயரே நின்றது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று டாக்டர் நூறிலிருந்து எழுபத்தைந்தாகக் குறைத்தார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அதே கதை. ஐம்பதாக்கினார். “அடுத்த தடவையும் இப்படியே வந்தா மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்” என்றார்.

அவளோ நாளுக்கு நாள் துவண்டுகொண்டிருந்தாள். நல்ல வெயிலில் ஸ்வெட்டர் போட்டாள். முகம் உப்பிப்போயிற்று, குரல் கட்டையாயிற்று. ஊசியில் நூலைக் கோத்துவிட்டு எதற்குக் கோத்தோம் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவைத்தாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

“உடம்பு முழுக்கக் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்குங்க. குளிருது” என்றாள் ஒருநாள்.

அவர் எழுந்துபோய் ரிப்போர்ட் ஃபைலை எடுத்து வந்தார். “தைராய்டு ஜாஸ்தியா இருக்கிறப்ப வேர்க்கணும்மா, படபடப்பு வரணும். குளிரக் கூடாதே. இங்க பாரு.” வெடுக்கென்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். பிறகு காபி போட்டுக் கொடுத்தார், பாத்திரம் தேய்த்தார், காய்ந்த துணியை எடுத்து மடித்தார். அன்புக்கு அவரிடம் ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை. அவள் சொன்னதை நம்புவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தார்.

டாக்டரிடமும் இப்படித்தான். “வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?” என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், “வேற ஒண்ணும் கிடையாது டாக்டர், எல்லா மருந்தும் நான்தான் வாங்கித் தரேன்” என்று இவர் முந்திக்கொண்டார். அசதி இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் இவருடையதுதான். “நாள் பூரா மிஷின்லயே உக்காந்திருக்கா டாக்டர், அதான்.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் அவள் குளிருகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். பரவாயில்லை, தேறி வருகிறாள் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், மிஷின் மேல் போர்வை போர்த்தியிருப்பதைப் பார்த்தார். அவள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“மிஷினை யாருக்காவது குடுத்துடலாங்க” என்றாள். “எனக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு. வாங்கி வச்ச துணியெல்லாம் அப்படியே கிடக்கு. இனிமே என்னால ஆகாது.”

“அடுத்த வாரம் டெஸ்ட் இருக்குல்ல, பார்த்துக்கலாம்மா.”

“டெஸ்ட்ல என்ன இருக்கு? அது ஜாஸ்தின்னுதான் சொல்லும். நான்தான் சரியில்ல.”

அந்த மிஷின் அவள் கல்யாணத்துக்கு முன்பே சொந்தமாக வாங்கியது. மனத்தாங்கல் வந்தால்கூட அதில் உட்கார்ந்து நாலு தையல் ஓட்டித்தான் ஆறுவாள். அதை யாருக்காவது கொடு என்று இன்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டாள். ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் லாண்டரிக்காரர் கடையில் ரீடிங் எடுக்கப் போனார். லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“மூணு நாளா குழாய்ல சொட்டுத் தண்ணி கிடையாது. உங்க மீட்டர் மட்டும் ஜோரா ஓடுது. இதுக்கு என்ன சொல்றீங்க?”

“மீட்டர் பொய் சொல்…”

“அந்தப் பாட்டை நிறுத்துங்க சார். நீங்களே வந்து தொறந்து பாருங்க.”

அவர் போய்க் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று வெறும் காற்று வந்தது. வாசலில் மீட்டரின் குட்டிச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் குழாயை வெட்டி வேலை பார்க்கிறார்கள், உள்ளே காற்று புகுந்துவிட்டது. இது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். தன் வழியாக ஏதோ ஒன்று போகிறது என்பதுதான் மீட்டருக்குத் தெரியும். போவது தண்ணீரா காற்றா என்று அதற்கு எப்படித் தெரியும்? குழாயடியில் நிற்பவனைத்தான் கேட்க வேண்டும்.

பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது அவருக்கு. இரண்டு மாதமாகக் குழாயடியில் நின்றுகொண்டு ஒருத்தி தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் மீட்டரைக் காட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இந்த ரீடிங்கை எடுத்துக்க வேணாம்னு எழுதிடறேங்க” என்றார். “நீங்க சொன்னதுதான் சரி.”

சண்டைக்குத் தயாராக நின்ற லாண்டரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

அங்கிருந்து நேரே லேப்புக்குப் போனார். வழக்கமாக ரத்தம் எடுக்கும் பெண் கவுன்ட்டரில் இருந்தாள். இவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. “மீட்டர் ஓடுதுங்க, ஆனா தண்ணி வரலை” என்றார்.

“எங்க மீட்டர் பின்பக்கம் இருக்கு சார்” என்றாள் அவள்.

“உங்க மீட்டர் இல்லம்மா. என் வீட்டுக்காரி.” தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். பேப்பரில் தைராய்டு வழிகிறது, ஆளைப் பார்த்தால் வற்றிக்கிடக்கிறாள், இப்படி நடக்குமா என்று கேட்டார்.

அந்தப் பெண் பழைய ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். “முடி கொட்டாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? பயோட்டின்னு ஒரு வைட்டமின். நகத்துக்கு, முடிக்கு எல்லாம் விப்பாங்க.”

அதெல்லாம் இல்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். “எனக்குத் தெரியாதுங்க” என்றார். எட்டு வருஷத்தில் அந்தக் கவுன்ட்டரில் அவர் தெரியாது என்று சொன்னது அன்றுதான்.

“கேட்டுப் பாருங்க சார். எங்க மிஷின்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கிறதுக்கு அந்த வைட்டமினைத்தான் பசை மாதிரி வச்சிருக்கோம். ரத்தத்துலயும் அது எக்கச்சக்கமா இருந்தா மிஷின் குழம்பிடும். அந்த மூளைச் சத்தம்னு சொல்வீங்களே, அதைக் குறைச்சுக் காட்டும். ஹார்மோனை ஏத்திக் காட்டும். எல்லா லேப்லயும் அப்படி இல்ல, எங்க மிஷின் அந்த ரகம். சாப்பிடுறாங்கன்னா டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. நிறுத்திட்டு, நாள் விட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்கணும்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டார். அவள் பொத்தான் டப்பாவைத் திறந்து, பொத்தான்களுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவருடைய மச்சினி, பார்லர் வைத்திருப்பவள், அக்காவுக்காகக் கொண்டுவந்து கொடுத்தது.

“தினம் ஒண்ணு போட்டேன். அப்புறம் ரொம்பக் கொட்டவும் ரெண்டாக்கினேன்.”

அவருக்குக் கணக்கு சரசரவென்று ஓடியது. இந்த மாத்திரையால் ரிப்போர்ட் புரண்டது. புரண்ட ரிப்போர்ட்டைப் பார்த்துத் தைராய்டு மாத்திரையைக் குறைத்தார்கள். அதைக் குறைக்கக் குறைக்க முடி இன்னும் கொட்டியது. கொட்டக் கொட்ட இவள் இதை இரட்டிப்பாக்கினாள்.

“என்கிட்ட ஏம்மா மறைச்சே?”

“நீங்கதான் எலிவால்னு சொன்னீங்க.”

“நானா?”

“பார்லர் திறந்த அன்னைக்கு. தங்கச்சி என் பின்னலை அவுத்துப் பார்த்துட்டு இருந்தா. நீங்க வந்து, ‘இது பின்னலா, எலிவாலா’ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

எவ்வளவு யோசித்தும் அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. போகிற போக்கில் சொன்ன சொல். சொன்னவர் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார், அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து பொத்தானுக்கடியில் வைத்திருந்தாள்.

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“குளிருதுன்னு சொன்னேன், ஃபைலை எடுத்துட்டு வந்தீங்க. கை கால் அசையலைன்னு சொன்னேன், அதுக்கும் ஃபைல்தான். சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்ட மச்சினி போனில் அழுதாள். “முடிக்குன்னுதானே மாமா குடுத்தேன், அது ரத்தத்துல போய் இப்படி வேலை பண்ணும்னு யாருக்குத் தெரியும்?” அவளைச் சமாதானப்படுத்தும் வேலையும் அக்காவுக்கே வந்தது. டாக்டருக்கும் இவர் போன் போட்டுச் சொன்னார். டாக்டர் அந்த முடி மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார், ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். “என் சந்தேகம் சரின்னா அன்னைக்கே பழையபடி நூறுக்குப் போயிடலாம். நானும் அவங்க முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கணும்” என்றார்.

அந்த ஒரு வாரம் அவர் ஃபைலைத் தொடவில்லை. தொட்டால் சுடும் என்பதுபோல் அலமாரிப் பக்கமே போகவில்லை. அவளிடம் வந்து வந்து நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவளும் வேண்டாம் என்றாள்.

ரிப்போர்ட் வாங்கி, அதே கட்டிடத்தில் இருக்கும் டாக்டரையும் பார்க்க இருவரும் சேர்ந்து போனார்கள். அந்தப் பெண் கவரை வழக்கம்போல் அவரிடம் நீட்டினாள். அவர் அதை மனைவி கையில் கொடுத்து, அவளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவளுக்குக் கவரைப் பிரிக்க நேரம் ஆயிற்று, விரல்கள் சரியாக மடங்கவில்லை. பிடுங்கிப் பார்க்கத் துடித்த கையை அவர் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவள் படித்தாள். எட்டு வருஷம் அவர் பேசியதைக் கேட்டவளுக்கு எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நாலு, அஞ்சுக்குள் இருக்க வேண்டிய எண் முப்பத்தெட்டு. பக்கத்தில் சிவப்பில் குறி போட்டிருந்தது.

“முப்பத்தெட்டு” என்றாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஏதோ நல்ல சேதி என்று நினைத்திருப்பார்கள். அடுத்த நிமிஷம் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “அப்ப நான் சோம்பேறி இல்லைங்க.”

“இல்லம்மா.”

“மனசறிஞ்சு ஏமாத்தறேனோன்னு நானே நினைச்சேன். பேப்பர்ல ஜாஸ்தின்னு இருக்கு, இவர் பாத்திரம் தேய்க்கிறார், நான் சும்மா படுத்திருக்கேனேன்னு. எழுந்திரு எழுந்திருன்னு என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன்.”

“நீ சொன்ன அன்னைக்கே நான் நம்பியிருக்கணும்.”

“ஆமா” என்றாள் அவள். “நம்பியிருக்கணும்.”

பரவாயில்லை, போகட்டும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேப்பரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். டாக்டர் அறைக்கு அவர்கள் முறை வர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சற்றுப் பொறுத்து அவள், “கை ரொம்பச் சில்லுன்னு இருக்குங்க” என்றாள்.

அவர் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.