வேலிக்கு உள்ளே நின்ற ஆள்

கார்லின் தன் வண்டியை எங்கள் கேமரா முக்காலிகளுக்கு நேர் எதிரே வேலியோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். மேற்கே சிக்னல் பச்சைக்கு மாறியிருந்தது. நிலக்கரி ரயில் எந்த நேரமும் வரலாம்.

"வண்டிய எடும்மா, படம் மறையுது," என்றார் எங்களில் மூத்தவரான வெர்னன்.

"மறையட்டும். அதுக்குத்தான் நிறுத்தினேன்."

வயோமிங்கின் இந்த ஊரில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். மீதிப் பேர் அவர்களுக்குக் காபியும் பீரும் விற்கிறார்கள். சரக்கு ரயிலைப் படமெடுக்க வந்து நிற்கும் எங்களை இரண்டு தரப்புக்கும் பிடிக்காது. ரயிலைப் பார்த்தால் எங்களுக்கு வாயில் நுரை தள்ளுமாம். அதையே பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள்.

கார்லினின் கணவர் டுவைட் எஞ்சின் ஓட்டுநர். போன வாரம் இதே இடத்தில் ஹார்ன் அடித்தார். ஊருக்குள் அடிக்கத் தடை. யாராவது தண்டவாளத்தை ஒட்டி நின்றால் மட்டும் அடிக்கலாம். வெர்னன் அதை, ஓட்டுநர் தனக்கு வைத்த வணக்கம் என்று எழுதி வீடியோவாக இணையத்தில் போட்டார். அதைப் பார்த்த ரயில்வே நிர்வாகம் டுவைட்டை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. விசாரணை நாளைக்கு.

"முழு வீடியோவக் குடு," என்றாள் கார்லின். "நீ வேலிக்கு உள்ள நின்ன, அதான் அடிச்சேங்கிறாரு. நீ அந்த இடத்த வெட்டிட்டுப் போட்டிருக்க."

"நான் வேலி தாண்டுற ஆளே இல்ல. தாண்டக் கூடாதுன்னு இங்க எல்லாருக்கும் சொல்றவனே நான்தான். உன் புருஷனுக்குக் கை அரிப்பு, அடிச்சுட்டாரு."

"பொய் பேசுற வாயில இந்த ஜல்லிய அள்ளிக் கொட்டணும்யா."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. ரயில்வே போலீசாவே கூப்பிடு. எங்க நின்னேன்னு அவங்ககிட்டச் சொல்லு."

வெர்னன் கட்டைவிரலால் என்னைக் காட்டினார். "இவளும்தான் அன்னிக்கு இருந்தா. கேளு. பாப்பா, நான் எங்க நின்னேன்?"

என் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. அன்று தான் என் படத்துக்குள் வந்து நின்றது அவருக்குத் தெரியும். ஆள் குறுக்கே வந்த படத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, அங்கேயே அழித்துவிடுவோம்; நானும் அழித்திருப்பேன் என்று நம்பிவிட்டார். ஆனால் அன்று எஞ்சினின் முகப்பில் விழுந்த வெயில் அவ்வளவு நன்றாக இருந்தது. நான் அழிக்கவில்லை.

கேமராவில் அதைத் தேடி எடுத்துக் கார்லினிடம் நீட்டினேன். வேலிக்கு உள்ளே, ஜல்லிமேல், குனிந்து முக்காலியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார் வெர்னன். பின்னால் டுவைட்டின் எஞ்சின்.

வெர்னன் எட்டிப் பார்த்தார். "இனி உன் பக்கத்துல ஒருத்தன் முக்காலி போட மாட்டான். நான் பாத்துக்கிறேன்."

கார்லின் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "இத எப்பலேருந்து வச்சிருக்க?"

"அன்னிக்கே எடுத்தது."

"அவரு ஒரு வாரமாத் தூங்கல. நீ இத வச்சுக்கிட்டுச் சும்மா இருந்த?"

"யாரும் கேக்கல."

"கேட்டாத்தான் வாய் திறப்பியா? நுரை மட்டும் கேக்காமலே வருதா?"

நிலக்கரி ரயில் வந்துவிட்டது. அவளுடைய வண்டிக்குப் பின்னால் எஞ்சின் கூரைகளும் பெட்டிகளில் குவிந்த கரியும் மட்டும் நகர்ந்தன. ஒருவரும் கேமராவைத் தொடவில்லை.

"படம் மட்டும் போதாது," என்று கத்தினாள். "நாளைக்கு விசாரணைக்கு வந்து, அவங்க முன்னாடி நின்னு, நீ பாத்ததச் சொல்லணும்."

"வர்றேன்."

"என்ன? கேக்கல!"

ரயிலின் இரைச்சலுக்கு மேல் இன்னொரு முறை கத்திச் சொன்னேன்.