கறுப்புக் கோட்டின் கீழ் மடிப்பு

கடையில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டில் தொங்கிய நூலை நான் பல்லால் கடித்தது உண்மைதான். அதற்காக விற்பனைப் பெண், "மேடம், இவர் கோட்டைக் கடிச்சிட்டார்" என்று மேலாளரைக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவனுக்குப் பிசிறு நூலைக் கண்டால் வாய் தானாகப் போய்விடும். ஆனால் நான் கடித்தது பிசிறு இல்லை. சங்கிலித் தையலின் கடைசி முடிச்சு. அது தெரியாமல் ஓரத்தை ஓர் இழுப்பு வேறு இழுத்தேன். கீழ் மடிப்பு முழுவதும் சரசரவென்று பிரிந்து தொங்கியது. முடிச்சுக்கும் பிசிறுக்கும் வித்தியாசம் தெரியாத தையல்காரன்!

நானும் என் மனைவியும் மாதம் ஒருமுறை இந்தக் கடைக்கு வருவோம். வாங்க அல்ல. எங்கள் தையல் கடையையே விற்றாலும் இங்கே ஒரு சட்டைக் கைதான் கிடைக்கும். மற்றவர்கள் உடுப்பைப் போட்டுக் கண்ணாடி முன் நிற்பார்கள். நாங்கள் உள்பக்கத்தைத் திருப்பி, லைனிங்கை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று குசுகுசுப்போம்.

இந்த முறை எனக்கு வேறு வேலை இருந்தது. கொஞ்ச நாளாக, நான் தைத்த துணிகளில் நான் போடாத முடிச்சுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. நான் இரண்டு சுற்றில் முடிப்பவன். இவை மூன்று சுற்று. கேட்டால் "நூல் சரியில்லங்க" என்பாள் மனைவி. "என் கண்ணு மங்குதா?" என்றால், "லைட்டு சரியில்ல" என்பாள். மூக்குக் கண்ணாடியை மூன்று தடவை மாற்றியாயிற்று. சரி, நல்ல வெளிச்சத்தில் நல்ல தையலை வைத்துச் சோதித்துவிடுவோம் என்று வந்தேன். சோதனையின் முடிவுதான் கோட்டிலிருந்து பிரிந்து தொங்கித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"ஊசி நூல் குடுங்க, நானே தச்சுத் தர்றேன்" என்றேன் மேலாளரிடம்.

"வேண்டாம்ங்க" என்றாள் மனைவி, அவசரமாக.

அதற்குள் கடையின் தையல்கார அம்மா, கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்துவிட்டார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம ஆளு போல இருக்கே. பத்து நிமிஷ வேலை மேடம், நான் பாத்துக்கிறேன்" என்று மேலாளரை அனுப்பிவிட்டு, ஊசியை என்னிடம் நீட்டினார்.

நூல் ஊசிக் காதைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. நாலாவது தடவை மனைவி பிடுங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

"இங்க லைட்டு சரியில்ல" என்றாள்.

தலைக்கு மேல் நாற்பது விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எறும்புக்கு மையிட்டு விடலாம்.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல். விரலை நம்பி ஒரு சாண் தைத்து நீட்டினேன். தையல்கார அம்மா குனிந்து பார்த்தார். எதிரே நிலைக்கண்ணாடி. தூரப் பார்வை எனக்குக் கழுகு மாதிரி. கண்ணாடியில், என் முதுகுக்குப் பின்னால் மனைவி அவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே அவர் கை தன்பாட்டுக்கு என் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷம். நான் நூலைக் கடிக்கவில்லையா?

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. மனைவி பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா, அந்த மூணு சுத்து முடிச்சு யாரோடது?"

"நூலு…" என்று ஆரம்பித்தாள்.

"நூலை விடு. லைட்டையும் விடு."

அவள் தையல்கார அம்மாவைப் பார்த்தாள். பிரிந்து கிடந்த ஒரு சாண் தையலைப் பார்த்தாள்.

"என்னோடதுதான். எட்டு மாசமா நீங்க டெலிவரிக்குப் போற நேரத்துல உக்காந்து, நீங்க தச்சது அத்தனையும் பிரிச்சுத் தைக்கிறேன். உங்களுக்குக் கண்ணு போயிட்டிருக்குங்க."