நான்கு ஹெட்போனும் ஒரு மொட்டைத் தலையும்

என் வீட்டுக்காரர் துலுக்காணத்துக்குச் சாமியிடம்கூடப் பேரம் பேசத் தெரியாது. வேண்டியது நடந்தால் முடி கொடுக்கிறேன் என்றுதான் ஊரில் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். இவர் நடப்பதற்கு முன்பே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டார். என்ன அவசரம் என்று கேட்டேன். திங்கட்கிழமை ஃப்ளைட், அப்புறம் எப்போது லீவு கிடைக்குமோ என்றார். இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு இருபத்தி மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

வேண்டுதல் காதுக்காக. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அவர் காதால்தான். சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. தொண்ணூற்று நாலில், சுற்றுவட்டாரத்தில் கூழ் ஃபாக்டரிகள் வரிசையாக முளைத்த நேரத்தில், எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் ஹெல்பராகச் சேர்ந்தார். என் மாமனார் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவர் பிள்ளை இன்றைக்கு மாதத்தில் ஆறு ஏழு முறை ரேணிகுண்டாவில் விமானம் ஏறுகிறார். இங்கிருந்து போன இயந்திரம் எந்த மாநிலத்தில் முனகினாலும், துலுக்காணத்தை அனுப்புங்கள் என்றுதான் போன் வரும்.

அங்கே போய் அவர் செய்வது ஒன்றுதான். ஓடுகிற இயந்திரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைப்பார். கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் நல்லது, எது இன்னும் ஒரு வாரம் தாங்கும், எது இன்றைக்கே நிற்கும் என்று சொல்லிவிடுவார். படித்த பிள்ளைகள் அதற்கென்று மீட்டர் வைத்திருக்கிறார்கள். அவர்களே மீட்டரைப் பையில் வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பார்களாம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அந்தக் காதுதான் பிப்ரவரியில் கைவிட்டது. குஜராத்தில் ஒரு தக்காளி ஃபாக்டரியில், விமானத்திலிருந்து இறங்கிய கையோடு போய் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பேரிங் இறுகி இயந்திரம் நின்றது. லோடு லோடாகத் தக்காளி அழுகியது. முதலாளி நல்லவர்தான், திட்டவில்லை. வயசாகிறது துலுக்காணம், இன்னொரு தடவை இப்படி ஆனால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடு என்றார். திட்டியிருந்தால்கூட இவர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

வேலூரில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கேட்கும் நரம்பு ஓய்ந்துபோயிருக்கிறது, இன்னும் செத்துவிடவில்லை என்றார். அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. விமானத்தில் இன்ஜின் இரைச்சல் தாங்காமல் இந்த மகாராசன் சின்ன இயர்போனைக் காதுக்குள் சொருகி, இரைச்சலை மிஞ்சும்படி முழு சத்தத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். போக மூன்று நாலு மணி நேரம், வர மூன்று நாலு மணி நேரம். இப்படி இரண்டு வருஷம். கேட்டதும் அங்கேயே நாலு வாங்கு வாங்கினேன். டாக்டர் சிரித்துவிட்டார். ஃபாக்டரிக்குள் காதுக்கு மூடி போடச் சொன்னார், பாட்டை நிறுத்தச் சொன்னார், விமானத்துக்கு இரைச்சலை அடக்கும் ஹெட்போன் ஒன்று வாங்கச் சொன்னார். காதுக்கு ஓய்வு கொடுத்தால் தேறலாம் என்றார். தேறும் என்று சொல்லவில்லை. தேறலாம் என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல் என்னை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரூபா ஆராய்ச்சி செய்து நாலு ஹெட்போன்களின் படத்தை அனுப்பியிருந்தாள். படம் பார்த்து வாங்காதே, நைனா காதில் வைத்துப் பார்த்து எது ஒத்துக்கொள்கிறதோ அதை வாங்கு என்று போனில் மூன்று முறை சொன்னாள். அப்படித்தான் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு, தலை நிறைய சந்தனத்தோடு, திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தோம்.

கடையில் இருந்த பெண் முதலில் தெலுங்கில் வரவேற்றாள். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். பெயர் சிவசங்கரி, சொந்த ஊர் புத்தூர் பக்கம். நாலு ஹெட்போனையும் எடுத்து வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டு, டிராயரிலிருந்து மெல்லிய துணிக் குல்லா ஒன்றை எடுத்தாள். கல்யாணச் சமையல்காரர்கள் மாட்டுவார்களே, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கியது, அது. மொட்டைத் தலையோடு வருகிறவர்கள் இதைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டுதான் ஹெட்போன் போட்டுப் பார்க்க வேண்டுமாம். சந்தனம் பட்டுப் பட்டு ஹெட்போனின் காது மெத்தையெல்லாம் மஞ்சளாகிவிட்டதால் மேனேஜர் போட்ட சட்டம். திருப்பதிக் கடைக்கு இது நியாயம்தான் என்று எனக்கும் தோன்றியது.

சோதித்துப் பார்க்க ஸ்பீக்கரில் விமானச் சத்தம் ஒன்றைப் போட்டாள். இவர் சிரித்தார். ஸ்பீக்கர் சத்தம் வேறு, இன்ஜின் சத்தம் வேறு, நிஜமாக ஏதாவது ஓடினால் காட்டு என்றார். அவளும் சளைக்கவில்லை. கரண்ட் போயிருந்த நேரம், கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு டப்பாவையும் தூக்கிக்கொண்டு எங்களை அங்கேயே அழைத்துப் போனாள். அந்த இரைச்சலில் நின்றபோது, பாட்டு எதுவும் போடாமலே இது வேலை செய்யுமா என்று இவர் கத்திக் கேட்டார். செய்யும், சுவிட்சைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே போதும் என்று அவளும் கத்தினாள். இவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

முதலாவதைக் குல்லா மேல் மாட்டினார், கண்ணை மூடினார். கழற்றினார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. மறுபடி முதலாவது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்கும்போது அவர் புருவம் லேசாக நெளியும், அது இப்போது நெளியவே இல்லை. நாலாவதைக் கழற்றிச் சிவசங்கரி கையில் கொடுத்தவர், போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் ஒண்ணாத்தான் கீது மே," என்றார். "விலை கம்மியும் அதே இரைச்சல், ஒசத்தியும் அதே இரைச்சல். கருவி மேல தப்பு இல்ல. எனக்குத்தான் காது பூட்ச்சு."

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், என் சுபாவம் அப்படி. இரண்டு மாதமாக மனசில் வைத்திருந்ததை எல்லாம் அந்தப் படியில் வைத்தே கொட்டினேன். பாட்டுக் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொண்டது யார், சாமிக்கு முடி கொடுத்து அரை நாள்கூட ஆகவில்லை அதற்குள் சாமி கைவிட்டது என்று முடிவு கட்டுவது யார், ஸ்டோர் ரூமில் நட்டு எண்ணுவதற்கா பொழுது விடியுமுன் சைக்கிள் மிதித்தீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிவசங்கரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தாள்.

திட்டிக்கொண்டே எழுந்திருங்கள் என்று அவர் தோளைப் பிடித்தபோதுதான் அந்தக் குல்லாவைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் குடிபாலாவில் தையல் கடை வைத்திருக்கிறவள். பாவாடைக்கும் குழந்தைகள் கவுனுக்கும் சுருக்கு வைத்து வைத்தே கண் பழகியவள். எலாஸ்டிக் ஓரம் சரியாகக் காதைச் சுற்றிப் போயிருந்தது. அதில் விரல் கனத்துக்குச் சுருக்கு மேல் சுருக்கு. ஒரு ஹெட்போனை வாங்கி அவர் தலையில் நானே மாட்டி, குனிந்து பார்த்தேன். மெத்தை தோலில் படவே இல்லை. சுருக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. என் சுண்டுவிரல் நகம் தாராளமாக உள்ளே போனது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஏசி வேலை செய்யவில்லை என்று சொன்ன கதைதான்.

குல்லாவை உருவி எறிந்தேன். சிவசங்கரி பதறி, மேனேஜர் பார்த்தால் என் வேலை போய்விடும் அக்கா என்றாள். நியாயம்தானே, அவளுக்கும் வயிறு இருக்கிறது. சந்தனம் இருந்தால்தானே திட்டுவார் என்று சொல்லி, பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து அவர் காதைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தேன். பட்டுப் புடவை. கோயிலுக்கென்று கட்டிக்கொண்டது. போனால் போகட்டும். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சிவசங்கரி உள்ளே போய் ஈரத் துணியும் உலர்ந்த துணியும் கொண்டு வந்து, இந்தப் பக்கம் நான் துடைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

துடைத்து முடித்து ஒன்றை மாட்டினோம். சுவிட்சைப் போட்டாள்.

அவர் சட்டென்று திரும்பி ஜெனரேட்டரைப் பார்த்தார். நின்றுவிட்டதா என்று பார்த்திருக்கிறார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு ஓடியது. கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆனால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, நாலையும் கலைத்துக் கலைத்து மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கணக்காகப் பதில் வந்தது. இது இரைச்சலை முக்கால்வாசி விழுங்குகிறது, இது முழுக்க விழுங்குகிறது ஆனால் உள்ளே ஸ்ஸென்று ஒரு சத்தம் விடுகிறது, இது மண்டையைப் பிடித்து அமுக்குகிறது, இது ஒன்றுதான் பேசாமல் இருக்கிறது. மறுபடி கலைத்தேன். அதே பதில். எடையை வைத்து அடையாளம் சொல்கிறாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடியது.

அதற்குள் அவர் எழுந்து, ஹெட்போனைக் கழற்றாமலே ஜெனரேட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு பக்கம் நின்றார். புருவம் நெளிந்தது.

"ஃபேன் பக்கத்து பேரிங் போவப்போவுது," என்றார் சிவசங்கரியிடம். "அடி சத்தத்த இது எடுத்துட்ச்சி. மேல சன்னமா ஒண்ணு கீச்சுகீச்சுன்னு கத்திக்கினு கீது. ஒரு பத்து நாள் தாங்கும்."

சிவசங்கரி அவரையே பார்த்தாள். நேற்று மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்து அதையேதான் சொன்னாராம். சென்னையிலிருந்து புது பேரிங் வர வேண்டியிருக்கிறதாம். சார் எதையும் கழற்றவே இல்லையே என்றாள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

பேசாமல் இருந்த அந்த ஒன்றையே எடுத்தோம். அது நாலில் ஒசத்தியானதும் இல்லை, மட்டமானதும் இல்லை. மெத்தை அகலம், காது முழுசாக உள்ளே அடங்கியது. ஒரு சார்ஜில் போய்வர இரண்டு பயணமும் தாங்கும். முடி வளர்ந்தால் பிடிப்பு போய்விடாதா என்று இவர் கவலைப்பட்டார். காதைச் சுற்றி மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள் சார் என்றாள் சிவசங்கரி. அக்கா, இனிமேல் மொட்டைக்காரர்களுக்கு ஈரத் துணியையே கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் பேசப் போகிறேன் என்று வாசல்வரை வந்து சொன்னாள். ரூபாவுக்குப் படம் அனுப்பினோம். நைனா மொட்டையில் அழகாக இருக்கிறார் என்று பதில் போட்டாள்.

திங்கட்கிழமை அவரை ரேணிகுண்டாவில் விட்டுவிட்டு வந்தேன். மகாராஷ்டிராவில் ஒரு மாம்பழ ஃபாக்டரி, சீசன் ஆரம்பம், பத்து இயந்திரம் பார்க்க வேண்டும். முதலாளி இந்தத் தடவை மீட்டர் பிடிக்கும் பையன் ஒருவனையும் கூடவே அனுப்பியிருந்தார். எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். அன்று முழுக்க எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஜாக்கெட் ஒன்றுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்தேன். கடையில் செய்த பரீட்சை வேறு. மூன்று நாலு மணி நேரம் பறந்து, மாறி ஏறி, போய் இறங்கிய பின் அந்தக் காது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பத்தில் எட்டு நல்லது, ஒன்று சீசன் முடியும்வரை தாங்கும், ஏழாவதை இன்றைக்கே மாற்று என்று சொன்னாராம். மீட்டர்ப் பையன் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு அதே ஏழாவதுக்கு வந்து நின்றானாம். பேரிங்கைக் கழற்றியபோது உள்ளே குண்டு சிதைந்திருந்ததாம். சாயங்காலமே பையன் முதலாளிக்குப் போன் போட்டு, இனிமேல் என்னைத் தனியாக அனுப்பாதீர்கள், இவரோடு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டானாம். இதையெல்லாம் அவர் நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொன்னார். சாப்பிட்டீர்களா, ரூமில் ஃபேன் இருக்கிறதா, ரூபாவிடம் சொன்னீர்களா என்று நான் எப்போதும்போலக் கேட்டேன்.

"எதுக்கு மே இப்டி கத்துற," என்றார். "மெதுவாவே பேசு. கேக்குது."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது, நான் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று. எத்தனை மாதமாகவோ அவரோடு இப்படித்தான் பேசியிருக்கிறேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, ஒரு சத்தமும் வெளியே வராமல் அழுதேன். அழாத மே என்றார். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கிறது.