ஆடு குளிப்பாட்டும் பள்ளம்

ஆடு வளர்க்கும் வில்ஃப் ஷஃபிள்பாட்டத்துக்கு அறுபத்தெட்டு வயதில் கல்யாண ஆசை வந்தது. பெண் நெல்லி பிக்கப், பரி ஊர்ச் சந்தையில், பன்றி ரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைத்த ரத்தப் புட்டு விற்பவள், இதுவரை மணமாகாதவள். வருகிற ஞாயிறு தேவாலயத்தில் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். புதன்கிழமை அவள் வந்து குண்டைப் போட்டாள்.

"வில்ஃப், உன்னைக் கட்டிக்க ஆசைதான். ஆனா அந்தப் பேரு வேண்டாம்யா. ஷஃபிள்னா ஆட்டுறது, பாட்டம்னா குண்டி. குண்டியை ஆட்டி நடக்கிறவ வந்துட்டான்னு சந்தையே சிரிக்கும்."

"உன் பேரு மட்டும் என்ன ராணி பேரா? பிக்கப். சாமான் ஏத்துற வண்டி."

"வண்டிக்கு அந்தப் பேரு வைக்கிறதுக்கு முன்னாலயே எங்க பரம்பரை இருக்கு."

போய்விட்டாள். வில்ஃப் ஓலையை நிறுத்தச் சொல்லப் பாதிரியாரிடம் போனார். அவர் காரணம் கேட்டுவிட்டு, ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"முந்நூறு வருஷம் முன்னால உங்க ஆளுங்க பேரு ஷிப்பபாத்தம். பழைய பேச்சுல ஷிப்பன்னா ஆட்டைக் கழுவுற இடம். பாத்தம்னா பள்ளம். ஆடு குளிப்பாட்டுற பள்ளம். காதுல விழுந்ததை எழுதி எழுதிக் கெடுத்துட்டாங்க."

வில்ஃப் நம்பவில்லை. படித்தவர்கள் புத்தகத்தைத் திறந்தாலே அவருக்குச் சந்தேகம்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்களா, ஐயா? அப்போ பிக்கப்னா?"

"கூரான மலை உச்சி."

அப்போதுதான் வில்ஃபுக்கு அந்த ஆட்டுப் பள்ளம் உறைத்தது. இந்த மனுஷன் ஊருக்கு வந்து ஐந்து வாரம். வில்ஃபின் பண்ணைப் பள்ளத்தில் ஓடையை மறித்து, மயிர் கத்தரிக்கும் முன் ஜூன் மாதம் ஆடுகளை முக்கி எடுப்பதை இவர் பார்த்ததே கிடையாது. அப்பன் செய்தான், அவனுக்கு அப்பன் செய்தான். பார்க்காதவன் இட்டுக்கட்ட முடியாது.

நேரே சந்தைக்குப் போய் நெல்லியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ நான் மலை உச்சி. நீ ஆட்டுக் குழி."

"ஆமா."

"என்னைக் கீழ இறங்கச் சொல்றே."

"வழுக்காம பிடிச்சுக்கிறேன், வா."

அவள் ஒரு துண்டுப் புட்டு வெட்டி நீட்டினாள். "ஓலையை வாசிக்கச் சொல்லு. சிரிக்கிறவனுக்கு என் கடையில புட்டு கிடையாது."

ஞாயிறன்று தேவாலயத்தில் ஷஃபிள்பாட்டம் என்ற பெயர் ஒலித்தபோது பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். நெல்லி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவன் அதை இருமலாக்கிக்கொண்டான்.