பன்னிரண்டே முக்காலுக்குப் போகும் கேமரா

வாசலுக்குக் கேமரா வைக்கிறவர்களுக்குத் திருடன் மேல் இருக்கும் கவலையில் கால்வாசி சிக்னல் மேல் இருந்தால் போதும், இந்தத் தொழிலில் பாதிப் பேர் வேறு பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். வைஃபை பெட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்று அதை வீட்டின் கடைசி மூலையில் ஒளித்து வைப்பார்கள். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. அப்புறம் கேட்டைப் பார்க்கிற கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது என்று புகார் கொடுப்பார்கள். மூடாமல் என்ன செய்யும்?

இப்படியெல்லாம் அலுத்துக்கொள்கிறவனுக்குக் கம்பெனியில் 'நாலு கோடு' என்று பெயர். போனில் சிக்னல் நாலு கோடு காட்டாமல் ஏணியை மடக்கமாட்டான். மற்றவர்கள் புகார்த் தாளில் மழை, பக்கத்து வீட்டு வைஃபை என்று எதையாவது கிறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்புவார்கள். இவன் காரணத்தின் குடுமியைப் பிடிக்காமல் நகரமாட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அன்றைக்கு அவன் போன வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் வந்துபோயிருந்தார்கள். முதலாமவன் மழை என்று எழுதியிருந்தான். இரண்டாமவன் ஒரு ரிப்பீட்டரைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் கேமராவுக்கு அடியிலேயே சொருகியிருந்தான். பெட்டியிடமிருந்து சிக்னலை வாங்கி அடுத்த ஆளுக்குக் கொடுப்பதுதான் ரிப்பீட்டரின் வேலை. வாங்குகிற இடத்திலேயே ஒன்றும் இல்லாவிட்டால் எதைக் கொடுக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வீட்டில் ஓர் அம்மா மட்டும் இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மகனும் மருமகளும் ஆபீஸ் போயிருந்தார்கள்; புகார் கொடுத்தது மகன்.

"வெயில்ல எதுக்குத் தம்பி ஏணி மேல ஏறிக்கிட்டு? இப்ப நல்லாத்தானே தெரியுது," என்று தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"தினமும் போகுதுன்னு உங்க மகன் சொல்றாரேம்மா."

"மழை பெஞ்சா அப்படித்தான்னு முதல்ல வந்தவரு சொன்னாரு."

"மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சேம்மா."

அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

நாலு கோடு ரிப்பீட்டரைப் போர்ட்டிகோவிலிருந்து பிடுங்கி, ஹாலில் ஜன்னலோரம் இருந்த பிளக்கில் சொருகினான். கேமராவுக்கும் பெட்டிக்கும் நட்ட நடு இடம் அது. போனில் ஒரு கோடு இரண்டானது, மூன்றானது, நான்கானது. வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். கிளம்பியிருக்கலாம்.

ஆனால் கேமரா எப்போது போனது, எப்போது திரும்பியது என்று பெட்டிக்குள் ஒரு பதிவு இருக்கும். அதைப் படிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. திங்கட்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் போய் ஒன்றேகாலுக்கு வந்திருந்தது. செவ்வாயும் அதே நேரம். புதனும் அப்படியே. ஐந்து வாரத்துக்கு ஒரே பாட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுத்தமாக இருந்தது. மழை ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்குமா?

எழுந்துபோய்ப் பெட்டி இருந்த அலமாரியைப் பார்த்தான். பக்கத்தில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது, முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வைத்திருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் தூசியில் ஒரு கீறல். தாம்பாளத்தை எடுத்து அந்தக் கீறலின் மேல் நிறுத்தினான். அளவெடுத்து வைத்ததுபோலப் பொருந்தியது. போனில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து கேமரா அணைந்தது. நாலு கோட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திரும்பினால், சமையலறை வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழைன்னே எழுதிக்குங்களேன் தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவருடைய சின்ன மகன் இரண்டு தெரு தள்ளி ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறான். அப்பா செத்த அன்று குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். அவன் நிழல்கூட இனி இந்த வீட்டில் விழக்கூடாது என்று பெரியவன் அன்றைக்கே சொல்லிவிட்டான். சின்னவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகியும் தீர்ப்பு மாறவில்லை. பெற்ற வயிறு கேட்குமா? மதியம் கடையில் சாப்பாட்டுக்கு விடும்போது அவன் வருவான், வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடுவான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். ஸ்டீல் சாமான் எதையும் பெட்டிக்கு முன்னால் வைத்துவிடாதீர்கள், கேமரா போய்விடும் என்று மழைக்காரன் போகிற போக்கில் சொன்னதை அவர் மறக்கவில்லை.

நாலு கோடு கேட்கவில்லை. தெரியாமல் செய்தான் என்று சொன்னால் அது பொய். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் ஒரே நேரத்துக்குச் சிக்னல் போனால் அதற்குப் பின்னால் ஒரு மனுஷ ஜீவன் இருக்கிறது என்று அவனுக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள மனசு வரவில்லை. இரண்டு பேர் கோட்டை விட்டதைத் தான் பிடித்துவிட்ட சந்தோஷம் தலைக்கேறி இருந்தது.

"பொய் எழுதற பழக்கம் எனக்கு இல்லேம்மா. பயப்படாதீங்க, உங்க பேரை இழுக்க மாட்டேன். தாம்பாளம்னு மட்டும் சொல்றேன்."

வீட்டில் பகலில் இருப்பதே ஒரு ஆள். தாம்பாளத்துக்கென்ன கால் முளைத்தா நடந்துபோகும்? பெரிய உபகாரம் செய்வதுபோல நினைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டான்.

விவரமாகத்தான் சொன்னான். நாள், நேரம், நிமிஷம் எல்லாம் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் போகலையா?"

"இல்லை சார். அதான் எனக்கே ஆச்சரியம்."

"சரி. அந்தப் பெட்டியைக் கை எட்டாத உயரத்துல மாட்டிடுங்க."

மாட்டினான். டிரில் போட்டு, ஆணி இறக்கி, உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே வைத்தான். அந்த அம்மா நடு ஹாலில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். "கிளம்பிட்டானா? எப்போ?" என்று கேட்பது கேட்டது. மணி பன்னிரண்டு நாற்பது.

நாலு கோடு வெளியே வந்து ஏணியை மடக்கிக்கொண்டிருக்கும்போது, ஒருவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தான். முழங்கை வரை கரி. உள்ளே ஒரு கால் வைத்திருப்பான்.

"டேய். அங்கேயே நில்லு."

குரல் கேமராவிலிருந்து வந்தது. அதில் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு. இத்தனை நாளும் அதில் வெறும் கரகரப்புதான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு, அண்ணன்காரன் போர்ட்டிகோவிலேயே நின்று பேசுவதுபோல ஒரு எழுத்து சிதறாமல் வந்தது.

வந்தவன் கேமராவை அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, குடியை விட்டுட்டேன். பதினோரு மாசம் ஆச்சு. வேணும்னா அம்மாவைக் கேளு."

"அம்மாகிட்ட கேட்க வேண்டியது நிறைய இருக்கு, சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன். நீ கிளம்பு. இனி ஒரு தடவை உன்னை இங்க பார்த்தேன், கேட்டை வெளியில பூட்டிச் சாவியைக் கையோட கொண்டு போயிடுவேன். அப்புறம் அம்மா உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். உன் இஷ்டம்."

அந்த அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்திருந்தார். சின்னவன் தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"நான் கடைப்பக்கமே சாப்பிட்டுக்கறேம்மா," என்றான். கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

நாலு கோடு ஏணியைப் பிடித்தபடி நின்றான். ஜன்னலோரம் போய் அந்த ரிப்பீட்டரைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

"பிரமாதமான வேலை சார்," என்றது கேமரா. "ஏம்மா, அவரு காலையிலேர்ந்து வேலை செய்யறாரு. அந்தச் சாப்பாட்டை அவருக்குக் கொடுத்து அனுப்பு."

அந்த அம்மா தட்டைப் படியில் வைத்தார். "உட்காருங்க தம்பி."

"வேணாம்மா. இன்னொரு வீட்டுக்குப் போகணும்."

"வீணாப் போகக்கூடாது. நாளையிலேர்ந்து இந்தத் தட்டு போட மாட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஓடியிருப்பான். உட்கார்ந்தான். டயர் தூக்குகிறவன் பசிக்கு மலையாகக் குவித்திருந்த சாப்பாடு. தொட்டுக்கொள்ள ஓரத்தில் தனியாக ஏதோ வறுத்து வைத்திருந்தார், அவனுக்குப் பிடித்ததாக இருக்கும். முதல் வாயை மென்றுகொண்டே இருந்தான்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க சார்," என்று தலைக்குமேல் குரல் வந்தது. "எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுது."

விழுங்கினான். மிச்சம் வைக்கத் தைரியம் இல்லாமல் ஒரு பருக்கை விடாமல் தின்றான். அந்த அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.