நீலக் கட்டைகள்

“தலைக்கு மேல் ஒரு கூரை என்பது மனிதப் பிறவியின் அடிப்படை உரிமை. அதை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்யாமல் இந்தப் பெருநகரம் கண்ணயராது” என்றார் வட்டாரத் திட்டக் குழுவின் தலைவர். சொல்லி முடித்ததும், கூட்ட அறையின் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் தான் போட்டிருந்த கோட்டில் படாதபடி நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். பியூன் ஒரு வாளியைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். உரைக்கா வாளிக்கா என்று தெரியவில்லை.

அறையின் நடுவே பெரிய மேசை. அதன் மேல் அட்டையாலும் பஞ்சாலும் செய்த பெருநகரம் படுத்திருந்தது: நடுவில் மாநகரம், சுற்றிலும் அதைத் தொற்றிக்கொண்டு வளர்ந்த ஊர்கள். ஆங்காங்கே நீல நிற மரக்கட்டைகள். ஒரு கட்டை என்றால் நாற்பது குடும்பங்களுக்கான குறைந்த விலைக் குடியிருப்பு. ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்குச் சில கட்டைகளை ஏற்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. கூட்டம் முடியும்போது எந்தக் கட்டை எங்கே நிற்கிறதோ, அதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவார்கள். அங்கேதான் வீடு வரும். இது குழுவின் வழக்கம்.

கட்டைகளை அடுக்கியவர் திட்ட அலுவலர். அலுவலகத்தில் அவர் பெயர் ‘பிளானிங்’. ஊருக்கெல்லாம் வீடு பிரித்துக் கொடுக்கும் பிளானிங்கின் வீட்டு ஹாலில், ஒரு திரைக்குப் பின்னால், அவருடைய அக்கா தன் மகளோடு குடியிருந்தாள். கணவன் போன பிறகு, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வாங்கும் சம்பளத்துக்கு எந்த வாடகையும் கட்டுப்படியாகாமல், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். வந்த பிறகு மகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டாள். அக்காவின் இரும்புக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அவள் புரண்டு படுத்தால் கட்டில் தரையில் டக்கென்று இடிக்கும். உள்ளறையில் பிளானிங்கின் மனைவிக்குத் தூக்கம் போய்விடும். நாத்தனாரைக் குறை சொன்னால் நன்றாயிருக்காது என்று மனைவி கட்டிலைக் குறை சொல்வாள்.

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு நீலக் கட்டை நின்றுவிட்டால் போதும், அக்காவுக்கு வீடு கிடைத்துவிடும். அன்று காலையிலும் கேட்டாள்.

“என்னடா தம்பி, என் வீடு எது வரைக்கும் வந்திருக்கு?”

“வந்துக்கிட்டே இருக்குக்கா.”

“நடந்து வருதா, வண்டியில வருதா? நடந்துதான் வருதுன்னா சொல்லு, எதிர்ல போய்க் கூட்டிட்டு வரேன்.”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “சீக்கிரமே வரட்டும் அண்ணி. நம்ம பின்பக்க மைதானத்துக்கு மட்டும் வந்துடாம இருந்தா சரி. கடன் வாங்கி வாங்கின பிளாட்டு இது. அப்புறம் ஒருத்தனும் வந்து விலை கேக்க மாட்டான்.”

முதல் பாதி அக்காவுக்கு, மறுபாதி தனக்கு என்று பிளானிங்குக்குப் புரிந்தது. அக்காவுக்கு இரண்டு பாதியும் புரிந்தது. அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் தோட்டநகரின் தலைவி. ஆஸ்பத்திரி அவர் எல்லையில்தான் இருந்தது. அதன் பக்கத்தில் பிளானிங் ஒரு கட்டையை நிறுத்தி வைத்திருந்தார்.

“நாங்க ஏழைங்களுக்கு எதிரி இல்ல சார். எங்க வீட்ல வேல செய்யறவங்க எல்லாருமே ஏழைங்கதான்.”

“அப்போ அவங்க பக்கத்துலயே இருந்தா வசதிதானே மேடம்?” என்றார் பிளானிங்.

“பக்கத்துல இருந்தா அடிக்கடி வீட்டுக்குப் போயிட்டு வரேம்பாங்க. தூரத்துல இருந்தா லேட்டா வருவாங்க. லேட்டு பரவாயில்ல.” பேசிக்கொண்டே, மாதிரி நகரத்தைக் குனிந்து பார்ப்பவர் போல, அந்தக் கட்டையை வளையல் கையால் ஆலையூர்ப் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆலையூர்த் தலைவர் பதறிப்போனார். “எங்க ஊர்ல ஒரே புகை சார். அவங்க நெஞ்சுக்கு ஆகாது.”

“இப்போ அங்க இருக்கறவங்க?”

“அவங்களுக்குப் பழகிடுச்சு.” கட்டை ஏரியூருக்குப் போனது.

ஏரியூர்த் தலைவர் போன் பேச வெளியே போயிருந்தார். இது தெரிந்ததும் சபையில் ஒரு சுறுசுறுப்பு பிறந்தது. திரும்பி வந்தவர் தன் ஊரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னங்க இது. ஒரு போன் பேசிட்டு வர்றதுக்குள்ள எங்க ஏரிக்குள்ள நாலு மாடி கட்டிட்டீங்க?”

இரண்டு கையாலும் கட்டைகளை அள்ளி மேசை விளிம்பில் வைத்தார். மறுபடி சுற்று தொடங்கியது. ஏழைகளின் மேல் அவ்வளவு அக்கறை ஒரே அறையில் திரண்டதை யாரும் கண்டதில்லை. ஒருவர் ஊரில் அவர்களுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. இன்னொருவர் ஊரில் பேருந்து கிடைக்காது. மற்றொருவர் ஊரில் விலைவாசியைப் பார்த்து மனம் நொந்துவிடுவார்கள்.

கடைசியில் குழுத் தலைவர் மேசையில் ஓரிடத்தைத் தொட்டார். “இது சும்மாதானே கிடக்கு? ஆஸ்பத்திரி பக்கம், பஸ் ஸ்டாப் பக்கம். இங்க ஏன் ஒண்ணுமே வெக்கல?”

அது பிளானிங்கின் பிளாட்டுக்குப் பின்னால் இருந்த மைதானம். அடுக்கும்போது அவர் கை அதை மட்டும் தாண்டிப் போயிருந்தது. அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: வெக்கலாம். அக்கா திரையைச் சுருட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போய்விடுவாள்.

“அது தண்ணி நிக்கிற இடம் சார்” என்றார் பிளானிங்.

அந்த மைதானத்தில் தண்ணீர் நின்றதே கிடையாது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றது அறையில் இருந்த வாளியில் மட்டும்தான்.

“பிளானிங்கே சொல்லிட்டார்னா அப்புறம் பேச்சே இல்ல” என்றார் தோட்டநகர்த் தலைவி. தலைவர் கட்டைகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, ‘அடுத்த கட்டப் பரிசீலனை’ என்று மேசைக்கு அடியில் தள்ளச் சொன்னார். வெறும் மேசையைப் படம் எடுத்தார்கள். பெருநகரம் பச்சைப் பசேலென்று இருந்தது. திட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

எல்லோரும் போன பிறகு பியூன் பெட்டியைத் தூக்கி வந்தார். “இத குப்பையில போட்டுடவா சார்? நல்ல மரம்.”

பிளானிங் ஒரு கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் அக்கா ஏறிட்டுப் பார்த்தாள். கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும். அவர் குனிந்து, கட்டிலைத் தூக்கி, குட்டைக் காலுக்கு அடியில் கட்டையைச் செருகினார்.

“என்னடா இது?” என்றாள்.

“ஆபீஸ்ல சும்மா கிடந்துச்சுக்கா.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. அன்று முதல் பிளானிங்கின் மனைவி நன்றாகத் தூங்குகிறாள்.