பால்கனியில் முளைத்த பூசணி

ஞானாம்பாள் மாமி செடித் தொட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"இதுல துளசிதான் வெச்சேன். இது என்னன்னு நீயே சொல்லு."

துளசிக்குப் பக்கத்தில், தொட்டியின் சுவரையே பிளந்துகொண்டு, சொரசொரப்பாக இரண்டு இலைகள்.

"பூசணி, மாமி."

"ஆயுத பூஜைக்கு எங்காத்துக் கார் முன்னாடி உடைச்ச பூசணி. சுத்திப் போட்ட திருஷ்டி திரும்ப பால்கனிக்கே வந்திருக்கு. படிச்ச பொண்ணு நீ, எப்படின்னு சொல்லேன்."

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

செம்பாக்கத்தில் இந்தக் காலனியின் பயோகேஸ் டேங்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காய்கறிக் கழிவு உள்ளே போகும். கேஸ், காலனிப் பிள்ளையார் கோயில் மடைப்பள்ளி அடுப்புக்குப் போகும். மிஞ்சும் சக்கையை முன்பெல்லாம் எங்கேயோ கொட்டிவந்தார்கள். அதைப் பிழிந்து, களிமண் சேர்த்து, அச்சில் அழுத்திச் செடித் தொட்டியாக்கியது நான். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். மைக்ரோபயாலஜி. "காலேஜ் போய்ட்டு வந்து வறட்டி தட்டுது" என்று சித்தப்பா சொல்வார். சொல்லட்டும்.

அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீரங்கன் சார் ஒரே ஒரு வாய்ப்பு தந்திருந்தார். வீடுகளுக்குக் கொடுத்த தொட்டிகள் நன்றாக இருந்தால் தொட்டி செய்யும் ஷெட் எனக்கு. இல்லாவிட்டால் ஷெட்டை இடித்து கார் பார்க்கிங். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் முடிவு. வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு வீட்டில் பூசணி முளைத்துவிட்டது.

டேங்க்கின் சூட்டைப் பார்த்தேன். புளிப்பைப் பார்த்தேன். எல்லாம் சரி. உள்ளே போனது சக்கையாகி வெளியே வர நாற்பது நாள் ஆகும். அதற்குள் விதை அழுகிவிடும். காலண்டரைப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. ஆயுத பூஜை முடிந்து இருபத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் டேங்க்குக்குள் இருக்க வேண்டிய பூசணி மாமி வீட்டில் இலை விட்டிருக்கிறது.

டேங்க்கில் கழிவு போடுவது முனியம்மாக்கா. ஷெட் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆயுத பூஜைப் பூசணியெல்லாம் எங்க போட்டீங்க?"

"சக்க குமிச்சு வெச்சிருக்கீல்ல, அதுல."

"ஏன் டேங்க்ல போடல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருஷ்டி பூசணிம்மா அது. அந்த கேஸ்லதான் புள்ளையாருக்கு பொங்கல் வேவுது. அதுல போய் போடுவாங்களா? இன்னா படிச்சியோ நீ."

"அந்தச் சக்கைலதான தொட்டி செய்றோம்? அது வீட்டுக்குள்ள போகுமே."

"தொட்டிய வெளிய தான வெப்பாங்க. வெளிய நின்னா திருஷ்டி இன்னா பண்ணும்?"

எந்த சப்ஜெக்டில் இதற்குப் பதில் இருக்கிறது?

மீட்டிங்கில் டேங்க் சரியில்லை என்று சொன்னால் ஷெட் போய்விடும். முனியம்மாக்கா என்று சொன்னால் அவர் வேலை போய்விடும். இரண்டு நாளாக யோசித்தும் பொய் எதுவும் சரியாக வரவில்லை. மீட்டிங்கில் நாற்பது நாள் கணக்கைப் படம் போட்டு விளக்கினேன். ஸ்ரீரங்கன் சார் கொட்டாவி விட்டார்.

"சரிம்மா, அப்போ யார் தப்பு?"

"யாரும் இல்ல சார். திருஷ்டிப் பூசணி கேஸ்ல சாமிக்குப் பொங்கல் வேகக் கூடாதுன்னு முனியம்மாக்கா தனியாப் போட்டாங்க. டேங்க்ல போட்டிருந்தா முளைச்சிருக்காது. போட்டிருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள்.

"போட்டிருக்கக் கூடாதுதான்," என்றார் மாமி மெதுவாக. "அவளுக்காவது தோணித்தே."

ஷெட் தப்பித்தது. நாற்பது நாள் கணக்கை ஒருவர்கூடக் கேட்கவில்லை. சந்தோஷப்படுவதா, யாரையாவது திட்டுவதா என்று தெரியாமல் எழுந்து வந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை: திருஷ்டிப் பூசணிக்குத் தனி இடம் காட்டி போர்டு வைக்க வேண்டும். கார்த்திகை அமாவாசை வருகிறது, அன்றைக்கும் உடைப்பார்கள். காலையிலிருந்து பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக ஷெட் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். 'திருஷ்டிப் பூசணியை இங்கே போடவும்' என்று எழுதியாகிவிட்டது. டேங்க் கூடாது. சக்கை கூடாது. ரோடு கூடாது என்று ஸ்ரீரங்கன் சார் சொல்லிவிட்டார்.

அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது?